பண்பாட்டு வரலாறும் நினைவும்: இங்கிலாந்தில் முதுகலை படிக்கப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பிரைட்டன் நகரத்துக்கு வெளியே, புல்மேடுகளுக்கு நடுவில், வெள்ளைச் சலவைக்கல்லில் ஒரு சிறு மண்டபம் நிற்கிறது. எட்டுத் தூண்கள், மேலே ஒரு குவிமாடம். சத்ரி என்று பெயர். முதல் உலகப்போரில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்காக அந்த ஊரின் ராயல் பெவிலியன் அரண்மனையை 1914 கடைசியில் மருத்துவமனையாக மாற்றினார்கள். பிரைட்டனின் மருத்துவமனைகளில் இறந்த இந்து, சீக்கியச் சிப்பாய்கள் 53 பேரை இந்த மேட்டில்தான் எரித்தார்கள். முஸ்லிம் சிப்பாய்களை வோக்கிங் என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள். 1921 பிப்ரவரி 1 அன்று வேல்ஸ் இளவரசர் இந்த மண்டபத்தைத் திறந்து வைத்தார்.

இதுவரை சொன்னது வரலாறு. நாம் பேசப்போகும் படிப்பு இதற்கு அடுத்த கேள்வியில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப்போரில் ராணுவப் பயிற்சிக்கு அந்த மேட்டை எடுத்துக்கொண்டபோது மண்டபத்தின் மேல் குண்டுகள் பாய்ந்தன. 1951 முதல் 1999 வரை பிரிட்டிஷ் முன்னாள் படைவீரர் சங்கம் ஆண்டுதோறும் அங்கே அஞ்சலி செலுத்தியது. அது நின்ற பிறகு உள்ளூரில் வாழும் இந்திய வம்சாவளியினர் முன்வந்து நடத்த ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு ஜூன் மாதமும் இன்றும் நடக்கிறது. எரிக்கப்பட்டவர்களின் பெயர்கள் கல்லில் ஏறியது 2010இல்தான். 53 பேருக்குத் தங்கள் பெயர் கிடைக்க ஏன் இவ்வளவு காலம் ஆயிற்று? பேரரசின் நன்றிக்கடனாகக் கட்டிய மண்டபம் எப்படிக் குடியேறியவர்களின் இடமாக மாறியது? நடுவில் யார் மறந்தார்கள், யாருக்கு அது திரும்பத் தேவைப்பட்டது? பண்பாட்டு வரலாறும் நினைவும் என்ற பெயரில் முதுகலைக்கு நீங்கள் படிக்கப்போவது இதைத்தான்.

நான் இந்தப் படிப்பை இங்கிலாந்தில் படித்தவன். அதனால் இந்த வழிகாட்டியும் இங்கிலாந்தைப் பற்றியது. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் இந்தத் துறை வலுவாக இருக்கிறது. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை என்பதையும் மனதில் வையுங்கள். ஆனால் நம் ஊர்களின் காலனிக்கால ஆவணங்கள் நிறைய லண்டனில் கிடக்கின்றன. எனக்கு அதுவே போதுமான காரணமாக இருந்தது.

இது என்ன படிப்பு என்று முதலில் தெளிவாகுங்கள்

வீட்டில் கேட்பார்கள். விசா அதிகாரியும் கேட்கலாம். நான் எல்லோரிடமும் சொல்வது இத்தாலியின் தெர்னி நகரத்துக் கதையை. 1949 மார்ச் 17 அன்று நேட்டோவுக்கு எதிரான போராட்டத்தில் லூயிஜி திராஸ்துல்லி என்ற இளம் எஃகு ஆலைத் தொழிலாளி போலீஸாரால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து அலெசாந்த்ரோ போர்த்தெல்லி என்ற ஆய்வாளர் அந்த ஊர்த் தொழிலாளர்களைப் பேட்டி எடுத்தார். பலர் அந்த மரணம் 1953இல் நடந்ததாகச் சொன்னார்கள். அந்த ஆண்டுதான் ஆலையில் பெரிய அளவில் ஆட்குறைப்பு நடந்தது. தெருவில் மோதலும் நடந்தது.

வழக்கமான வரலாற்று மாணவர் இங்கே என்ன செய்வார்? தேதி தவறு, இந்தச் சாட்சியம் நம்பத்தக்கதல்ல என்று ஒதுக்கிவிடுவார். போர்த்தெல்லி அந்தத் தவறையே ஆராய்ந்தார். ஓர் இளைஞனின் சாவு பதிலடி இல்லாமல் போனதை அந்த ஊரால் தாங்க முடியவில்லை. அதனால் எதிர்த்து நின்று போராடிய ஆண்டுக்கு அந்தச் சாவை நகர்த்தி வைத்துக்கொண்டார்கள் என்று காட்டினார். என்ன நடந்தது என்பதற்குப் போலீஸ் பதிவேடு போதும். அது அந்த மக்களுக்கு என்னவாக இருந்தது என்பதை அந்தத் தவறான தேதிதான் சொல்கிறது.

இதைப் படித்ததும் உங்களுக்குச் சொந்த ஊரில் பாட்டியோ பெரியப்பாவோ சொன்ன ஏதோ ஒரு கதை ஞாபகம் வந்தால், இந்தப் படிப்பு உங்களுக்கானது. உண்மையில் என்னதான் நடந்தது என்பது மட்டுமே உங்களை உறுத்துகிறது என்றால் நேரடி வரலாற்றுப் படிப்பையே எடுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை.

இளங்கலையில் வரலாறுதான் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. தமிழ் இலக்கியம், சமூகவியல், ஆங்கிலம், இதழியல், கட்டடக்கலை படித்தவர்களையும் பெரும்பாலும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

படி 1: ஒரு பொருளையோ இடத்தையோ பிடித்துக்கொள்ளுங்கள்

விண்ணப்பத்துக்கு ஓராண்டு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. மற்ற எல்லாம் இதிலிருந்துதான் வரும். 'தமிழர்களின் கூட்டு நினைவு' என்பது தலைப்பு அல்ல. அதற்குள் நுழைய வழியே இல்லை. ஒரு சிலை, ஒரு நினைவுத்தூண், ஒரு திருவிழா, ஒரு தெருப்பெயர், ஒரு குடும்பத்தின் புகைப்பட ஆல்பம், இப்படிக் கையில் பிடிக்க முடிகிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்.

உதாரணத்துக்கு ஒன்று. பிரிஸ்டல் நகரத்தில் 2020 ஜூன் 7 அன்று அடிமை வணிகர் எட்வர்ட் கோல்ஸ்டனின் சிலையை மக்கள் கயிறு கட்டி இழுத்துத் துறைமுகத்துத் தண்ணீரில் தள்ளினார்கள். கோல்ஸ்டன் இறந்தது 1721இல். சிலை வைத்தது 1895இல். இறந்து 174 ஆண்டுகள் கழித்து அந்த ஊருக்கு அவர் எதற்குத் தேவைப்பட்டார் என்பதுதான் முதல் கேள்வி. இன்று அந்தச் சிலை எம் ஷெட் அருங்காட்சியகத்தில், மேலே தெளித்த பெயிண்ட்டோடு, படுத்த நிலையில் காட்சிக்கு இருக்கிறது.

இப்போது சென்னைக்கு வாருங்கள். 1857 கிளர்ச்சியை ஒடுக்கியபோது காட்டிய கொடூரத்துக்குப் பேர்போன ஜேம்ஸ் நீல் என்ற அதிகாரியின் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927இல் அதை அகற்றக் கோரிச் சத்தியாகிரகம் நடந்தது; பலர் சிறை சென்றார்கள். 1937இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகு சிலையை எடுத்து எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார்கள். பிரிஸ்டலில் செய்ததை, தண்ணீரில் தள்ளும் கட்டத்தைத் தவிர, சென்னை 83 ஆண்டுகளுக்கு முன்பே செய்து முடித்திருக்கிறது. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு கேள்வி கேட்கத் தெரிந்தால், விண்ணப்பக் கட்டுரையின் முதுகெலும்பு கிடைத்துவிட்டது.

ஈழத்திலிருந்து வருகிறவர்களுக்கு இப்படிப்பட்ட இடங்களைத் தேட வேண்டியதே இல்லை. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணம் பொது நூலகம் திரும்ப வெள்ளையாக எழும்பி நிற்கிறது. யாழ் பல்கலைக்கழகத்தின் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி 2021 ஜனவரியில் இடிக்கப்பட்டு, போராட்டத்துக்குப் பின் அதே ஆண்டு திரும்பக் கட்டப்பட்டது. தமிழ்நாட்டில் என்றால் கீழத்தஞ்சையில் கீழ்வெண்மணி இருக்கிறது: 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட ஊர். ஒவ்வோராண்டும் அங்கே கூடுகிறவர்கள் யார், எந்தப் பாட்டு பாடுகிறார்கள், எந்தப் பெயர்களை உரக்கச் சொல்கிறார்கள், எதைச் சொல்லாமல் விடுகிறார்கள் என்று ஒரு நாள் நின்று பார்த்து எழுதிவையுங்கள். அந்த நாலு பக்கக் குறிப்பு பின்னால் உங்களுக்குப் பெரிதாக உதவும்.

படி 2: படிப்பைத் தேடுவது

இந்தத் துறைக்கு ஒரே பெயர் கிடையாது. 'நினைவு' என்ற சொல்லை மட்டும் போட்டுத் தேடினால் பாதி படிப்புகள் கண்ணில் படாது. பொதுவரலாறு (பப்ளிக் ஹிஸ்டரி), பாரம்பரியம், அருங்காட்சியகவியல், பண்பாட்டு வரலாறு, காலனிக்குப் பிந்தைய ஆய்வு என்ற பெயர்களிலும் தேடுங்கள். லெஸ்டர் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகவியல் துறை 1966 முதல் இயங்குகிறது. பிரைட்டன் பல்கலைக்கழகத்தில் நினைவுக்கும் கதையாடலுக்கும் தனி ஆய்வு மையமே உண்டு. தெற்காசியா என்றால், ஆசிய, ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கென்றே இருக்கும் லண்டனின் சோயஸ் பல்கலைக்கழகம்.

தரவரிசையைப் பார்த்துத் தேர்வு செய்யாதீர்கள். மூன்றே விஷயங்களைப் பாருங்கள். ஒன்று, உங்கள் தலைப்புக்கு அருகில் வேலை செய்யும் ஆசிரியர் இருவராவது இருக்கிறார்களா? ஒருவர் மட்டும் என்றால், அவர் அந்த ஆண்டு விடுப்பில் போனால் நீங்கள் தனியாகிவிடுவீர்கள். இரண்டு, உங்களுக்குத் தேவையான ஆவணக் காப்பகம் ஒரு நாளில் போய்வரும் தூரத்தில் இருக்கிறதா? மூன்று, வாய்மொழி வரலாறு, அதாவது பேட்டி எடுக்கும் முறை, தனிப் பாடமாக இருக்கிறதா?

இன்னொன்றும் கேட்டாக வேண்டும். அண்மை ஆண்டுகளில் பிரிட்டனில் பல பல்கலைக்கழகங்கள் வரலாறு, இலக்கியம் போன்ற கலைப்புலப் படிப்புகளைக் குறைத்துவருகின்றன. இணையதளத்தில் இருக்கும் படிப்பு செப்டம்பரில் நடக்காமலும் போகலாம். 'வரும் ஆண்டு இந்தப் படிப்பு உறுதியாக நடக்குமா, சென்ற ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள்' என்று துறைக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதுங்கள். முன்பணம் கட்டுவதற்கு முன்பே எழுதுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 3: விண்ணப்பம்

செப்டம்பரில் தொடங்கும் படிப்புக்கு முந்தைய அக்டோபரிலேயே வேலையைத் தொடங்குங்கள். மதிப்பெண் ஆவணத்தைப் பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையோடு வாங்க நம் ஊரில் வாரக்கணக்கில் ஆகும். பரிந்துரைக் கடிதம் இரண்டு வேண்டும். கல்லூரியின் பெயரில் உள்ள மின்னஞ்சலிலிருந்து அது வர வேண்டும் என்று பல இடங்களில் கேட்பார்கள். நம் பேராசிரியர்கள் பலரும் ஜிமெயில்தான் பயன்படுத்துகிறார்கள். இதை முன்கூட்டியே சொல்லி, துறை மின்னஞ்சலுக்கு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஆங்கிலத் தேர்வில் பொதுவாக ஐஇஎல்டிஎஸ் 6.5 அல்லது 7 கேட்பார்கள். சில பல்கலைக்கழகங்கள் 12ஆம் வகுப்பு ஆங்கில மதிப்பெண்ணையே ஏற்கின்றன. கேட்டுப் பார்த்துவிட்டுத் தேர்வுக்குப் பணம் கட்டுங்கள்.

ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் நோக்கக் கட்டுரையில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். என் முதல் வரைவு இப்படி ஆரம்பித்தது: 'சிறுவயது முதலே வரலாற்றின் மீது எனக்கு ஆர்வம் அதிகம். செழுமையான பண்பாடு கொண்ட தமிழ்நாட்டில் பிறந்ததால்...' இதைப் படித்த ஒரு அக்கா, ஏற்கெனவே அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்தவர், ஒரே கேள்வி கேட்டார்: 'தம்பி, இதை நீதான் எழுதினாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?' சரி என்று முழுவதையும் அழித்துவிட்டு இப்படித் தொடங்கினேன்: 'என் ஊரில் 1952 புயலைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. மேலத்தெருவில் அது கோயில் கோபுரம் தப்பித்த கதை. கீழத்தெருவில் அது கோயில் கதவு திறக்காத கதை. ஒரே இரவு, ஒரே மழை.' அதன் பிறகு, இந்த இரண்டு கதைகளும் எப்படி 70 ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் உயிரோடு இருந்தன என்பதுதான் என் கேள்வி என்று எழுதினேன். கட்டுரையில் மீதி எல்லாம் தானாக வந்தது.

கட்டுரையின் இரண்டாம் பகுதியில் அந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடம், எந்தக் காப்பகம் உங்கள் கேள்விக்கு ஏன் தேவை என்று சொல்லுங்கள். கடைசியில், உங்களுக்குத் தமிழ் படிக்க, எழுத, கேட்டு எழுதத் தெரியும் என்பதை ஒரு ஆய்வுத் திறனாகவே குறிப்பிடுங்கள். நாம் அதைச் சொல்லக்கூடத் தோன்றாமல் விட்டுவிடுகிறோம். அங்கே அது கிடைக்காத திறன்.

படி 4: பணம்

வெளிநாட்டு மாணவருக்கு இந்தப் படிப்பின் கட்டணம் பெரும்பாலும் 17,000 பவுண்டில் தொடங்கி 30,000 பவுண்டையும் தாண்டும். படிப்பு ஓராண்டுதான் என்பதே ஆறுதல்.

உதவித்தொகைகளில் முதலில் செவனிங். பிரிட்டிஷ் அரசு தருவது. முழுச் செலவையும் ஏற்கும். இரண்டு ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு ஆண்டுகள் இருக்க வேண்டும். ஆகஸ்டில் விண்ணப்பம் திறந்து அக்டோபரில் மூடிவிடும், அதாவது படிப்பு தொடங்க ஓராண்டு முன்பே. இந்திய மாணவர்களுக்கு ஃபெலிக்ஸ், இன்லாக்ஸ் என்ற இரண்டும் உண்டு. ஃபெலிக்ஸ் ஆக்ஸ்ஃபோர்டு, சோயஸ், ரெடிங் ஆகிய மூன்றுக்கு மட்டும்.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையை நம்பியிருப்பவர்கள் கவனமாகப் படிக்க வேண்டிய செய்தி இது. 2022இல் வந்த வழிகாட்டு விதிகளில், இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய படிப்புகளுக்கு இந்த உதவி கிடையாது என்று சேர்த்தார்கள். நாம் பேசிக்கொண்டிருக்கும் படிப்பை நேராக அடிக்கும் விதி அது. தங்கள் வரலாற்றைத் தாங்களே எழுத வேண்டியவர்களுக்குத்தான் அந்தக் கதவை அடைத்தார்கள் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம். நீங்கள் விண்ணப்பிக்கும் ஆண்டின் விதிகளை வரிவரியாகப் படியுங்கள். தமிழ்நாடு அரசின் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையும் வெளிநாட்டுப் படிப்புக்குத் தனியாக உதவித்தொகை தருகிறது. அதையும் பாருங்கள்.

படி 5: விசா

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். விண்ணப்பிக்கும் அன்று பிரிட்டிஷ் அரசின் தளத்தில் சரிபாருங்கள்.

பல்கலைக்கழகம் இடத்தை உறுதி செய்ததும் சிஏஎஸ் என்ற சேர்க்கை உறுதி எண்ணைத் தரும். அதை வைத்துத்தான் விசாவுக்கு விண்ணப்பிக்க முடியும். கட்டணத்தில் மீதியுள்ள தொகையோடு, வாழ்க்கைச் செலவுக்கு ஒன்பது மாதப் பணம் வங்கியில் காட்ட வேண்டும். 2025 நவம்பர் 11 முதல் லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, மற்ற ஊர்களுக்கு 1,171 பவுண்டு. ஒன்பது மாதத்துக்குக் கணக்குப் பார்த்தால் லண்டனுக்கு 13,761, மற்ற ஊர்களுக்கு 10,539. இந்தப் பணம் தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும். ஒரு நாள்கூடக் குறையக் கூடாது. அந்த நாட்களில் அதே கணக்கிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுத்துவிடாதீர்கள், தனிக் கணக்கில் வையுங்கள். மருத்துவக் கூடுதல் கட்டணம் மாணவர்களுக்கு ஆண்டுக்கு 776 பவுண்டு. ஓராண்டுப் படிப்பென்றாலும் விசா அதற்கு மேல் சில மாதங்கள் நீள்வதால் ஒன்றரை ஆண்டுக்குக் கட்ட வேண்டிவரும். இந்தியாவிலிருந்து போகிறவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றும் தேவை.

2024 ஜனவரி முதல், பாடம் நடத்தும் வகை முதுகலை மாணவர்கள் பொதுவாகக் கணவன், மனைவி, பிள்ளைகளை அழைத்துச் செல்ல முடியாது. கல்யாணம் ஆனவர்கள் இதை முதலிலேயே வீட்டில் பேசி முடிவெடுங்கள். பாடக் காலத்தில் வாரம் 20 மணிநேரம் வேலை செய்யலாம். ஆனால் சுயதொழில் கூடாது. ஊரில் செய்துவந்த மொழிபெயர்ப்பு, பத்திரிகைக் கட்டுரை போன்ற தனிப்பட்ட ஒப்பந்த வேலைகளை அங்கிருந்தபடி காசுக்குச் செய்தால் விசா விதிமீறலாகிவிடும். நம் துறைக்காரர்கள்தான் இதில் அதிகம் மாட்டிக்கொள்ள வாய்ப்பு.

படி 6: முதல் பருவம்

வாரத்துக்கு ஒரு பாடத்துக்கு நூறு பக்கத்துக்கு மேல் வாசிப்பு வரும். வகுப்பில் பத்துப் பன்னிரண்டு பேர் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். ஆசிரியர் குறிப்பு சொல்ல மாட்டார், கேட்பார். முதல் மூன்று வாரம் நான் வாயே திறக்கவில்லை. ஆங்கிலம் தெரியாமல் இல்லை. ஆசிரியர் பேசும்போது குறுக்கே பேசுவது நமக்குப் பழக்கமில்லை, அவ்வளவுதான். ஆசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிடவே நாக்கு வராது. நான் கண்டுபிடித்த வழி இதுதான்: ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு கேள்வியை முழுமையாக எழுதி எடுத்துப் போவது, முதல் பத்து நிமிடத்துக்குள் அதைக் கேட்டுவிடுவது. பேச்சு சூடான பிறகு உள்ளே நுழைவது கஷ்டம்.

எல்லாவற்றையும் வரிக்கு வரி படிக்க முயலாதீர்கள். கட்டுரையின் முன்னுரை, முடிவுரை, அப்புறம் அடிக்குறிப்பு. அடிக்குறிப்பில்தான் இவர் யாரோடு சண்டை போடுகிறார் என்பது தெரியும். கூட்டு நினைவு என்ற கருத்தை 1925இல் வலுவாக முன்வைத்த மொரீஸ் ஆல்ப்வாக்ஸ் எல்லா வாசிப்புப் பட்டியலிலும் வருவார். நாஜிகளின் புகன்வால்டு முகாமில் 1945இல் இறந்த மனிதர் அவர். தனியாக யாரும் நினைவு கொள்வதில்லை, குடும்பமும் தெருவும் மதமும் போட்ட சட்டகத்துக்குள்தான் நினைவு நிற்கிறது என்றவர். அவரைப் படிக்கும்போது நம் ஊர்த் திண்ணையை மனதில் வைத்துப் படியுங்கள், சுலபமாகப் புரியும்.

கட்டுரை எழுதும்போது நாம் செய்யும் தவறு, படித்ததை எல்லாம் சுருக்கிக் கொடுப்பது. என் முதல் கட்டுரையின் ஓரத்தில் ஆசிரியர் மூன்று இடத்தில் 'அதனால் என்ன?' என்று எழுதியிருந்தார். உங்கள் வாதத்தை முதல் பக்கத்திலேயே ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். பிறர் சொன்ன கருத்தை உங்கள் வார்த்தையில் எழுதினாலும் அவர் பெயரைச் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் அது திருட்டுக் கணக்கில் சேரும். நம் கல்லூரிகளில் யாரும் இதைச் சொல்லித் தராததால் நல்ல மாணவர்களும் இதில் விழுகிறார்கள்.

படி 7: காப்பகங்கள்

முதல் மாதத்திலேயே இரண்டு அட்டைகள் வாங்குங்கள். லண்டனின் கியூ என்ற பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஒன்று, பிரிட்டிஷ் நூலகத்துக்கு ஒன்று. இரண்டும் இலவசம். கியூவில் இலங்கையின் காலனிக்காலக் கடிதப் போக்குவரத்து சிஓ 54 என்ற வரிசையில் இருக்கிறது. சென்னை மாகாணத்துக்கான இந்திய அலுவலகப் பதிவேடுகள் பிரிட்டிஷ் நூலகத்தில். 2023 அக்டோபரில் நடந்த இணையத் தாக்குதலில் அந்த நூலகத்தின் சேவைகள் முடங்கி மெல்ல மெல்லத்தான் மீண்டன. எனவே போவதற்கு முன் கோப்பு கிடைக்குமா என்று எழுதிக் கேளுங்கள்.

சாதாரண மனிதர்களின் நினைவு வேண்டுமென்றால் பிரைட்டனுக்கு அருகே தி கீப் என்ற காப்பகத்தில் உள்ள மாஸ் அப்சர்வேஷன் தொகுப்பைப் பாருங்கள். 1937இல் தொடங்கி, பொதுமக்களிடம் நாட்குறிப்பு எழுதி வாங்கிச் சேர்த்த தொகுப்பு. சமையலறையில் என்ன பேசினார்கள் என்பதுவரை இருக்கும்.

எஃப்சிஓ 141 என்ற வரிசையையும் தெரிந்துகொள்ளுங்கள். காலனிகளை விட்டுப் போகும்போது பிரிட்டிஷ் அதிகாரிகள் கையோடு எடுத்துச் சென்ற கோப்புகள் அவை. பல பத்தாண்டுகள் ஹான்ஸ்லோப் பார்க் என்ற இடத்தில் பொதுமக்கள் கண்ணில் படாமல் கிடந்தன. கென்யாவின் மாவ் மாவ் கிளர்ச்சியில் சித்திரவதைக்கு ஆளான முதியவர்கள் லண்டனில் போட்ட வழக்கால்தான் 2011இல் அவை இருப்பது வெளியே வந்தது. 2012 முதல் கியூவுக்கு வரத் தொடங்கின. 2013இல் 5,228 பேருக்கு இழப்பீடு தர அரசு ஒப்புக்கொண்டது. அந்த முதியவர்களின் நினைவுதான் பெட்டியைத் திறந்தது. ஆவணத்தில் இல்லாததால் நடக்கவில்லை என்று சொல்லும் எவரிடமும் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

கோடையில் ஊருக்கு வந்தால் சென்னையின் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. பல நேரங்களில் லண்டனில் கிடைக்காத துண்டறிக்கை இங்கே கிடைக்கும்.

படி 8: பேட்டி எடுப்பது

ஆய்வேடு பொதுவாக 15,000 சொற்கள், மொத்தம் 180 மதிப்புப் புள்ளிகளில் 60. மே மாதம் முதல் ஆகஸ்ட் கடைசி வரை அதுதான் வேலை. மனிதர்களைப் பேட்டி எடுப்பதாக இருந்தால், முன்னால் பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழு அனுமதி வேண்டும். வாரக்கணக்கில் ஆகும், திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள். மார்ச்சிலேயே கொடுத்துவிடுங்கள்.

அந்தப் படிவத்தைச் சடங்காக நினைக்காதீர்கள். லண்டனில் ஈஸ்ட்ஹாம், ஹாரோ பக்கம் போய் ஈழத்திலிருந்து வந்த ஒருவரிடம் பேசும்போது, அவருக்கு அகதி வழக்கு நிலுவையில் இருக்கலாம். எந்த வழியாக வந்தீர்கள் என்று பதிவுக் கருவியை வைத்துக்கொண்டு கேட்கக் கூடாது. உங்கள் ஒலிப்பதிவு அவருக்கு எதிரான சாட்சியாகும் நிலை வரக் கூடாது. ஊர்ப்பெயர், பிள்ளைகள் எண்ணிக்கை, வேலை மூன்றும் சேர்ந்தால் பெயர் இல்லாமலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். எனவே பெயரை மாற்றுவது மட்டும் போதாது. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கொடுங்கள். எந்தத் தேதிவரை பேட்டியைத் திரும்பப் பெறலாம் என்று அதில் எழுதுங்கள். பதிவை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள்.

நான் பேசிய அம்மா ஒருவர் 1995 அக்டோபர் 30 இரவைப் பற்றிச் சொன்னார். யாழ்ப்பாணத்திலிருந்து லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் வெளியேறிய இரவு. பேச்சின் தொடக்கத்தில் 'இடம்பெயர்ந்தனாங்கள்' என்றார். தேநீர் குடித்த பிறகு, மகனைத் தூக்கிக்கொண்டு போனதைச் சொல்லும்போது 'ஓடினனாங்கள்' ஆயிற்று. வீட்டுக் கிணற்றைப் பற்றிச் சொல்லும்போது 'விட்டிட்டு வந்திட்டம்'. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தபோது மூன்றையும் நான் ஒரே சொல்லால் எழுதியிருந்தேன். வழிகாட்டி ஆசிரியர் கேட்டார்: 'இவர் ஏன் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்?' அவர் அப்படிச் சொல்லவில்லை, நான்தான் சொல்ல வைத்துவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. முதல் சொல் அதிகாரிகளும் பத்திரிகைகளும் தொண்டு நிறுவனங்களும் பழக்கிய சொல். இரண்டாவது அவருடைய உடம்பின் சொல். மூன்றாவதில் குற்ற உணர்வு இருந்தது. என் ஆய்வேட்டின் நடு அத்தியாயம் முழுக்க அந்த மூன்று சொற்கள்தான்.

ஆகவே பேட்டியைத் தமிழிலேயே, பேசியபடியே முழுக்க எழுதுங்கள். 'ம்' போட்டதையும் நிறுத்தியதையும் குறியுங்கள். ஒரு மணிநேரப் பேச்சை எழுத ஆறேழு மணிநேரம் ஆகும். மென்பொருளை நம்ப வேண்டாம். வட்டாரத் தமிழை அது பத்திரிகைத் தமிழாக மாற்றிவிடும், நீங்கள் தேடுவதே அதில் போய்விடும். தமிழ் மூலத்தைப் பின்னிணைப்பில் சேர்க்க முடியுமா என்று ஆசிரியரிடம் கேளுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

படி 9: முடித்த பிறகு

முதுகலை முடித்தவர்களுக்குப் பிரிட்டனில் வேலை தேடத் தரும் விசா இரண்டு ஆண்டுகள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம் மட்டுமே. அருங்காட்சியகம், காப்பகம், பாரம்பரியத் திட்டங்களில் வேலைகள் குறைவு, போட்டி அதிகம், அங்கே தன்னார்வப் பணியில் தொடங்கியவர்களே உள்ளே போகிறார்கள். முதல் பருவத்திலேயே வாரம் அரை நாள் ஒரு காப்பகத்தில் உதவிக்குச் சேர்ந்துவிடுங்கள். தன்னார்வப் பணிக்கும் விசா விதிகள் உண்டு, பல்கலைக்கழக மாணவர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். முனைவர் பட்டம் நோக்கமென்றால் ஆய்வேட்டில் அறுபதைத் தாண்டினால் போதாது, எழுபது வேண்டும். அங்கே எழுபது என்பதே உயர் தகுதி.

ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்கு இரண்டு வாரம் முன்பே, பேட்டி தந்தவர்களுக்கு அவர்கள் சொன்ன பகுதியைத் தமிழில் படித்துக் காட்டுங்கள். அந்த அம்மாவிடம் நான் படித்துக் காட்டியபோது கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர், ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். கிணறு வீட்டுக்கு முன்னால் இல்லையாம், பின்பக்கமாம், பக்கத்தில் ஒரு தேசிக்காய் மரமும் நின்றதாம். 'அதையும் போடு தம்பி' என்றார். போட்டேன்.